பெரிய ஜாதி நாய்க்குட்டியை வளர்க்கும் முறை

தோட்டத்திற்கும் தறிக்கூடத்திற்கும் காவலாக நாய் வளர்க்கும் அங்கத்தினர் பலர், இராஜபாளையம் போன்ற பெரிய ஜாதிக் குட்டிகளை விரும்பி வாங்குகின்றனர். குட்டி விரைவில் பருக்கவேண்டும் என்ற ஆசையால் பாலும் சோறும் இறைச்சியும் அளவின்றி ஊட்டுவோரும் உளர். இந்த அன்பே குட்டிக்குத் தீங்காக முடிகிறது.

சிறிய ஜாதி நாய்கள் ஓராண்டுக்குள் வளர்ந்து முடிந்துவிடும். பெரிய ஜாதி நாயின் எலும்புகள் முதிர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை செல்லும். அதற்குமுன் உடற்பாரம் மிகுந்தால் கால்கள் கோணும், மூட்டுகள் கெடும். மிகையாக உரமிட்ட நெற்பயிர் தழைத்து வளர்ந்து சாய்வதை நாம் அறிவோம். இதுவும் அத்தகையதே.

சுண்ணச்சத்து மருந்தை மேலும் மேலும் கொடுத்தால் கால் உறுதிப்படும் என்பதும் தவறு. மிகையான சுண்ணச்சத்தை ஏற்காது தள்ளும் ஆற்றல் இளங்குட்டியின் குடலுக்கு இல்லை. நெதர்லாந்தில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு நடத்தி 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்த மிகுதி எலும்பு வளர்ச்சியையே கெடுப்பது தெளிவாயிற்று. வெறும் சோறும் இறைச்சியுமே உணவானால் சுண்ணச்சத்துக் குறையும் என்பதும் உண்மை. ஆதலின் கால்நடை வைத்தியர் கூறும் அளவையே கைக்கொள்ளவேண்டும்.

எட்டு வாரம் வரை குட்டி தாயுடன் இருப்பது நலம். பின்னர் நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரு வேளையும் உணவு போதும். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கையில் தட்டுப்படவேண்டும். அதுவே சரியான அளவு. வெங்காயமும் வேகவைத்த எலும்பும் ஆகா. சைக்கிளின் பின்னே ஓட்டுவதும், உயரத்திலிருந்து குதிக்கவிடுவதும் முதல் ஆண்டில் கூடாது.

குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் மூன்று மாதம் வரை, இரு வாரங்களுக்கு ஒருமுறை பூச்சி மருந்து தரவேண்டும். பார்வோ நோய்க்கான தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை போடவேண்டும். வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டால் அன்றே வைத்தியரிடம் செல்க. ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இன்றியமையாதது. எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

நெசவாளர் இல்லங்களில் மற்றோர் அபாயம் உண்டு. கழிவு நூலைக் குட்டி விழுங்கினால் அது குடலைச் சுருக்கி அறுத்துவிடும். வாயிலோ மலவாயிலோ நூல் தொங்கினால் இழுத்தல் கூடாது, வைத்தியரே எடுக்கவேண்டும். விவசாயிகள் மருந்திட்ட விதையையும் எலி மருந்தையும் எட்டாத இடத்தில் பூட்டிவைக்கவேண்டும்.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஆயுள் முழுவதும் கவனித்து 2002இல் முடிவு வெளியிட்டனர். கால் பங்கு குறைவாக உண்டவை, மற்றவற்றினும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தன. அளவறிந்து ஊட்டுவோர்க்குக் காவல் நெடுநாள் கிடைக்கும்.