கட்டைவிரல் அளவு வைத்தியர்

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருக்கிறதா? பழைய சாமான்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இந்தச் சமாசாரத்தைக் கொஞ்சம் கேளுங்கள்.

நங்கநல்லூரில், ஆஞ்சநேயர் கோயிலுக்கு நாலு தெரு தள்ளி, எனக்குத் தெரிந்த மாமி ஒருவர் இருக்கிறார். 2011 செப்டம்பர் 15-ம் தேதி தமிழக அரசு ஆரம்பித்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் அவருடைய பெண்ணுக்குக் கிடைத்த கணினி இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. பெண் கல்யாணமாகிப் புனாவுக்குப் போய்விட்டாள். மாமா காலமாகி இரண்டு வருஷம். கடைசிக் காலத்தில் தம் பால்ய நினைவுகளை ஒற்றை விரலால் தட்டித் தட்டி அதில்தான் எழுதி வைத்தாராம். போன மாதம் கணினி கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது.

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்கறான் கடைக்காரப் பையன். அவர் எழுதினது போயிட்டா அப்புறம் அந்தப் பெட்டி எனக்கு எதுக்கும்மா?" என்றார் மாமி. குரல் தழுதழுத்தது.

"இருங்கோ மாமி" என்று சொல்லி, என் கைப்பையிலிருந்து கட்டைவிரல் அளவு பென் டிரைவ் ஒன்றை எடுத்தேன்.

விஷயம் இதுதான். கணினியை ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க் உக்கிராண அறை. ஆபரேட்டிங் சிஸ்டம் சமையற்காரர். சமையற்காரர் படுத்துவிட்டால் அறையிலுள்ள அரிசி பருப்பு கெட்டுவிடுமா? வெளியிலிருந்து இன்னொருவரை அழைத்து வந்தால் போயிற்று! அந்த வெளியாள்தான் இந்தப் பென் டிரைவ்.

இதைத் தயார் செய்ய 8 ஜி.பி. பென் டிரைவும், நல்ல நிலையிலுள்ள வேறொரு கணினியும் போதும். நான் போட்டது லினக்ஸ். பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் 1991-ல் தொடங்கி வைத்தது, காசு கிடையாது. நம் சென்னை ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ்தான். அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு கூடவே அதுவும் வந்தது. பழைய கணினிக்கு, லினக்ஸிலும் பளு குறைந்த வகையாகப் பார்த்து எடுக்கவேண்டும்.

இங்கேதான் நான் முதல் தடவை ஏமாந்தேன். இறக்கிய 'ஐ.எஸ்.ஓ.' கோப்பைப் பென் டிரைவில் அப்படியே நகல் எடுத்து வைத்தேன். கணினி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரணம் உண்டு. கண் விழித்ததும் கணினி தேடுவது துவக்கக் கட்டளைகளை. அவை அதற்குரிய இடத்தில் இருந்தால்தான் அதன் கண்ணில் படும். நகல் எடுத்தால் மூட்டைக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். மூட்டையைப் பிரித்து, அதது இடத்தில் வைப்பதற்கு 'ரூஃபஸ்' போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் ஜாக்கிரதை! அப்போது பென் டிரைவில் முன்பிருந்ததெல்லாம் அழிந்துவிடும். பேத்தியின் அரங்கேற்றப் படங்கள் இருக்கும் பென் டிரைவை எடுத்துவிடாதீர்கள்.

மாமியின் கணினியில் அதைச் செருகி, மின்சாரம் வந்தவுடனே எஃப்-12 விசையைத் தட்டினேன். (சில கணினிகளில் எஃப்-2, எஃப்-9 அல்லது எஸ்கேப்.) வந்த பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தேன். அடுத்து இரண்டு வழிகள்: 'நிறுவு', 'நிறுவாமல் பார்'. அவசரப்பட்டு முதலாவதைத் தொட்டால் உள்ளதும் போய்விடக்கூடும். இரண்டாவதைத் தொட்டேன். ஹார்ட் டிஸ்கில் எதையும் எழுதாமல், பென் டிரைவிலிருந்தே திரை உயிர்பெற்றது.

உக்கிராண அறையைத் திறந்தேன். மாமாவின் கோப்பு பத்திரமாக இருந்தது! முதல் காரியமாக அதை இன்னொரு பென் டிரைவில் நகல் எடுத்தேன். அதற்குப் பிறகுதான், மாமியின் சம்மதத்தோடு, புதிதாக நிறுவினேன்.

எல்லோருக்கும் இப்படியே பலிக்கும் என்று சொல்லமாட்டேன். ஹார்ட் டிஸ்கே பழுதாகியிருந்தால் மேலும் நோண்டாமல் நிபுணரிடம் கொடுப்பதே மேல். புதிய கணினிகள் பலவற்றில் டிஸ்க் ரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டிருக்கும்; அதன் மீட்புச் சாவி உங்களிடம் இருக்கவேண்டும்.

ஆனாலும் இந்த வித்தைக்கு இப்போது வேலை அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகள் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் இன்னும் சில வருஷ ஆயுள் கொடுக்கலாமே!

மாமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோப்பை நிதானமாகக் கடைசி வரி வரை படித்தார்.

"கும்பகோணத்துல என்னைப் பெண் பார்க்க வந்ததோட நிறுத்திட்டார். மீதி எனக்குத் தெரியும்" என்றவர், நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்:

"ஏம்மா, இதுல தமிழ் எப்படித் தட்டறது?"