மூன்று சுழிக்கு ஒரு பென்சில்

அழகெழுத்து கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "மாஸ்டர், எந்தப் பேனா வாங்கணும்?" கையில் மொபைல் இருக்கும். அதில் ஒரு மரப்பெட்டி, ஆறு நிப், மூன்று குப்பி மை. விலை, எங்கள் வியாசர்பாடியில் ஒரு வீட்டின் ஒரு வார மளிகை. "இப்ப ஒண்ணும் வாங்காத. உன் தம்பி ஸ்கூல் பையில கெடக்குற பென்சில எடுத்துனு வா" என்பேன். முகம் விழுந்துவிடும். "இன்னா மாஸ்டர், பென்சில்லயா?"

ஆமாம், பென்சிலில்தான்.

நான் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையோரம் லாரிக்கும் ஆட்டோவுக்கும் எழுதிப் பிழைத்தவன். பேனர், கடை போர்டு, நம்பர் பிளேட் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்து பேனரைக் கொண்டுபோனது. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதும் அந்த வேலையும் தேய்ந்தது. மிச்சம் இருப்பது ஷட்டர், கோயில் போர்டு, எப்போதாவது ஒரு லாரி பாடி. சாயங்காலம் ஹவுசிங் போர்டு மாடியில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித் தருகிறேன். பந்தாட்டம் முடித்துப் புழுதிக் காலோடு வரும் பையன்கள், எக்ஸ்போர்ட் கம்பெனி வேலை முடித்து வரும் ஒரு அக்கா, பைக்கில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்ள ஆசைப்படும் கல்லூரி மாணவன் என்று கலவையான கூட்டம்.

காசில்லாதவர்கள் என்பதால் பென்சில் கொடுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ் எழுத்துக்குப் பென்சில்தான் நெருங்கிய கருவி என்பது என் கட்சி. ஆங்கில எழுத்தில் தடிப்பும் மெலிவும் பட்டைமுனைப் பேனாவோடு பிறந்தவை. நம்முடைய எழுத்து வளர்ந்தது பனையோலையில், எழுத்தாணியின் கூர்முனையில். எழுத்தாணி இழுத்த கோடு எங்கும் ஒரே தடிமன். கீறி முடித்து, மேலே கரி தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஓலை கிழியுமென்று புள்ளி வைக்காமல் விட்டார்கள். ரகரமும் துணைக்காலும் ஓலையில் ஒரே உருவம்தான். படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம் இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துப் போய் ஒரு சுவடியைக் காட்டுங்கள். ஓலையில் தடிப்பு, மெலிவு எதுவும் கிடையாது. அழகு முழுக்க வளைவிலும் இடைவெளியிலும் இருக்கும். பென்சிலும் அதே இனம்.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது எச்பி. எழுத்துப் பயிற்சிக்கு 2பி இருந்தால் நல்லது. உள்ளே இருக்கும் கருங்குச்சி, கிராஃபைட் தூளும் களிமண்ணும் சேர்த்துச் சுட்டது. மண் கூடினால் கடினம், அது எச் வரிசை. குறைந்தால் மிருதுவும் கருமையும், அது பி வரிசை. இந்தக் கலவையை 1795இல் பிரான்சில் கான்டே என்பவர் கண்டுபிடித்தார். இங்கிலாந்தோடு போர் நடந்ததால் அங்கிருந்து வரவேண்டிய சுத்தமான கிராஃபைட் நின்றுபோனது, இருக்கிற தூளில் மண்ணைக் கலந்து சமாளித்தார்கள். நம் சிவகங்கைப் பக்கத்திலும் கிராஃபைட் உண்டு, டாமின் நிறுவனம் வெட்டியெடுக்கிறது.

பென்சிலை நுனியில் பிடித்து நெரிக்கக் கூடாது. இரண்டு விரல் மேலே தள்ளிப் பிடித்தால் கை முழங்கையிலிருந்து அசையும். தாளுக்கடியில் நாலைந்து பழைய செய்தித்தாளை மெத்தையாகப் போடுங்கள், கோடு வழுக்காமல் ஓடும். தாளுக்கு நான் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகிறேன். அந்தத் தெரு முழுக்கக் காகித வியாபாரம். கல்யாணப் பத்திரிகைக்கு வெட்டிய அட்டையின் ஓரத்துண்டுகளைக் கேட்டால் சல்லிசாகக் கொடுப்பார்கள்.

முதல் வாரம் எழுத்தே கிடையாது. நிற்கும் கோடு, படுக்கும் கோடு, வில், சுழி. இந்த நாலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், பக்கம் பக்கமாக. பிறகு கோட்டெழுத்துகள்: ட, ப, ம. அதன் பிறகு சுழியெழுத்துகள். அகர வரிசையில் தொடங்குவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. 'அ'வும் 'இ'யும் தமிழிலேயே சிக்கலான வளைவுகள், அவற்றை முதலில் கொடுத்தால் கை பயந்துவிடும்.

சோதனை 'ண'தான். மூன்று சுழியும் ஒரே உருண்டையாக வர வேண்டும். புதிதாக எழுதுகிறவர்களுக்கு முதல் சுழி தாராளமாக வரும், இரண்டாவது இடம் போதாமல் சுருங்கும், மூன்றாவது நசுங்கும். நான் சொல்லித் தருவது இதுதான்: மூன்று சுழிக்கும் முதலில் மூன்று புள்ளி வை, பிறகு புள்ளியைச் சுற்று. உருது எழுத்தர்கள் காலங்காலமாகப் புள்ளியால்தான் அளக்கிறார்கள். பேனா முனையை அழுத்தி ஒரு சாய்சதுரப் புள்ளி வைத்து, ஓர் எழுத்து இத்தனை புள்ளி உயரம், இத்தனை புள்ளி அகலம் என்று வகுத்திருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் 1927இல் தொடங்கிய 'தி முஸல்மான்' உருது நாளிதழ் இதற்கு நம் ஊர்ச் சாட்சி. கணினி வந்து பல காலம் ஆன பிறகும், காத்திபுகள் என்னும் எழுத்தர்கள் பக்கம் பக்கமாகக் கையால் எழுதி, அதையே அச்சுக்கு அனுப்பினார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம். தமிழில் அப்படி ஓர் அளவுச் சட்டம் எழுதிவைக்கப்படாதது எனக்குக் குறையாகவே படுகிறது. அதனால் சுழியையே என் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒரு சுழி அகலம் முடிவானால் 'ண' எவ்வளவு நீளும், 'ன' எங்கே நிற்கும் என்பதும் முடிவாகிவிடும்.

எழுத்து கைக்கு வந்த பிறகுதான் உண்மையான தலைவலி, இடைவெளி. எழுத்துக்கு எழுத்து ஸ்கேல் வைத்து அளந்தால் போர்டு கோணலாகத்தான் தெரியும். 'பட்டறை' என்று எழுதிப் பாருங்கள். 'ப'வின் வலது கோடும் 'ட்'டின் இடது கோடும் எதிரெதிரே நிற்கின்றன, அங்கே கொஞ்சம் விலக்க வேண்டும். 'ட்'டுக்கு வலப்பக்கம் மேலே வெறும் வெளி. அடுத்த 'ட'வை நெருக்கி வைத்தால்தான் கண்ணுக்குச் சமமாகும். 'றை' வந்ததும் ஐகாரக் கொம்பு தனக்கென்று இடம் கேட்கும். லாரி பாடியில் எழுதும்போது இதற்காகவே முதலில் சாக்பீஸால் மொத்த வரியையும் லேசாகப் போட்டுவிட்டு, பத்தடி தள்ளி நின்று பார்ப்போம். தாளிலும் அப்படியே. முதலில் அழுத்தாமல் எழுது, எட்டத்தில் சுவரில் ஒட்டிப் பார், பிறகு அழுத்து. மையில் இந்த வசதி ஏது?

அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி அக்கா ஒரு நாள் கேட்டார், "மாஸ்டர், எங்கம்மா 'ணை'க்கு முன்னாடி யானைத் தும்பிக்கை மாதிரி போடுவாங்களே, அத எழுதலாமா?" 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் 'ணை', 'லை', 'ளை', 'னை' நான்கும் அந்தத் தும்பிக்கையோடுதான் இருந்தன. பாடப்புத்தகத்தில் எழுதாதீர்கள், ஆனால் அழகெழுத்தில் தாராளமாக எழுதலாம். அந்த வளைவுக்கு ஈடாகப் புது வடிவத்தில் ஒன்றும் இல்லை என்பது என் எண்ணம். படிக்கிறவருக்குப் புரிந்தால் போதும்.

தடிப்பு மெலிவு வேண்டும் என்று அடம் பிடிக்கிறவர்களுக்கும் பென்சிலில் வழி உண்டு. இரண்டு பென்சிலை நுனி சமமாக ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இரண்டு கோடு சேர்ந்து ஓடும். கையின் சாய்வை மாற்றாமல் வளைத்தால் ஓரிடத்தில் கோடுகள் விலகும், இன்னோரிடத்தில் ஒட்டிக்கொள்ளும். விலகிய இடம் தடிப்பு, ஒட்டிய இடம் மெலிவு. லண்டனில் 1899 முதல் எழுத்து வகுப்பு நடத்திய எட்வர்ட் ஜான்ஸ்டன், மறந்துபோயிருந்த பட்டைமுனைப் பேனாவை மீட்டெடுத்து 1906இல் ஒரு பாடநூல் எழுதினார். இன்றைய ஆங்கில அழகெழுத்து வகுப்புகள் பெரும்பாலும் அதன் வாரிசுகள். பட்டைமுனை எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த ஜோடிப் பென்சிலைவிட வெளிப்படையாக எதுவும் காட்டாது.

அடுத்தது ஆசாரியின் தட்டைப் பென்சில். ஹார்டுவேர் கடையில் கேட்டால் தருவார்கள். நுனியைப் பிளேடால் சீவி, உப்புத்தாளில் தேய்த்தால் உளி முனை வந்துவிடும். முனையைப் படுக்கைவாட்டில் வைத்து 'ட' போட்டால் நிற்கும் கோடு தடிக்கும், படுத்த கோடு மெலியும். நாற்பத்தைந்து பாகை சாய்த்தால் இரண்டும் சமம். இந்த இரண்டு 'ட'வையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டிய அன்றுதான் கல்லூரி மாணவன், "அவ்ளோதானா மாஸ்டர் மேட்டரு!" என்றான்.

மைக்குப் போகத் துணிந்தவர்களுக்கு ஐஸ் குச்சி. நுனியைச் சாய்வாக வெட்டி மையில் தோய்த்தால் போதும், மழுங்கினால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அதன் பிறகும் நிப் வாங்கியே தீருவேன் என்றால், வாங்குங்கள். ஆனால் ஆங்கிலப் புத்தகங்கள் சொல்லும் கணக்கு, அதாவது எழுத்தின் உயரம் நிப் அகலத்தைப் போல் ஐந்து மடங்கு என்பது, நமக்குச் சரிவராது. அந்த உயரத்தில் 'ண' எழுதினால் மூன்று சுழியும் மையில் அடைந்து கறுப்புக் கட்டியாகிவிடும். ஏழு, எட்டு மடங்கு உயரம் வையுங்கள், இல்லையென்றால் மெல்லிய நிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.