வட்டவாளின் வாய்ப்பலகை
தோட்ட மரத்தைச் சிதைவின்றியும் ஆபத்தின்றியும் அறுக்கும் முறை

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், வயல்களுக்கு மேற்புறமாக அமைந்த வீட்டுத்தோட்டங்களில், பலா, மகோகனி, கினிசப்பு, லுணுமிதெல்ல முதலிய மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. கமக்காரர் குடும்பங்களுக்கு இம்மரங்கள் ஒரு சேமநிதி எனலாம். மரத்தை விற்றுப் பணமாக்குவோர் பலர். அதன் ஒரு பகுதியைப் பலகையாக அரிவித்துத் தேனீப்பெட்டி, மரக்கறிப்பெட்டி, நாற்றுத்தட்டு, கதவு, யன்னல் ஆகியவற்றைச் செய்வித்துக் கொள்வோரும் உளர். இவ்வேலைகளுக்குக் கைவாளினும் மின்சார வட்டவாளே இக்காலத்திற் பெரிதும் பயன்படுகின்றது. அவ்வாள் மேசைக்கு மேலே எழும் இடத்தில் உள்ள சிறு இடைவெளி நல்ல பலகையைக் கெடுக்க வல்லது. சில வேளைகளில் விரல்களையும் பறிக்க வல்லது. அவ்விடைவெளியை ஒரு துண்டுப் பலகையினால் அடைக்கும் வகையை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

மெல்லிய சட்டங்களும் அவற்றின் அளவும்

பூசணி, பாகல், புடோல், வெள்ளரி ஆகிய கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் வெவ்வேறாகப் பூக்கின்றன. ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவைச் சென்று சேர்ந்தாலன்றிக் காய் பிடிப்பதில்லை. இவ்வேலையைச் செய்வனவற்றுள் தேனீக்கள் முதன்மையானவை. ஆகவே மரக்கறித் தோட்டத்தின் ஓரத்தில் ஓரிரு தேனீப்பெட்டிகளை வைத்தல், தேனுக்காக மட்டுமன்றிக் காய்க்காகவும் செய்யத்தக்கது. இலங்கை விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவையில் உள்ளது.

தேனீப்பெட்டி ஏனைய பெட்டிகளைப் போன்றதன்று. அதனுள் அடைகளைத் தாங்கும் சட்டங்கள் தொங்குகின்றன. தேனீக்கள் நடமாடுவதற்கு வேண்டிய வழியின் அகலம் ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீற்றர் என்பதை ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த லாங்ஸ்ட்ரொத் என்பார் 1851ஆம் ஆண்டில் உணர்ந்து, அதனை அடிப்படையாகக் கொண்டு கழற்றி எடுக்கத்தக்க சட்டங்களையுடைய பெட்டியை அமைத்தார். அவ்வழி மிக அகலமாயின் தேனீக்கள் அதில் அடை கட்டிச் சட்டங்களைப் பிணைத்து விடும்; மிக ஒடுங்கியதாயின் அவை செல்ல இயலாது. மேலும், பலகையின் விளிம்பு சிதைந்து மூட்டுகளில் வெடிப்பு உண்டாகுமாயின், அவ்வெடிப்புகளில் மெழுகுப்பூச்சி முட்டையிடும், எறும்பும் நுழையும்.

எனவே ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய சட்டங்களைப் பலமுறை ஒரே அளவாக, விளிம்பு சிதையாமல் அறுத்தல் அவசியமாகின்றது. வட்டவாளின் இடைவெளி பெருந்தொல்லை தருவதும் இத்தகைய வேலையிலேயேயாம்.

இடைவெளியால் விளையும் தீங்கு

பலாக்கொப்பு ஒன்றை மேலிருந்து மட்டும் அரியும்போது, அது முறிந்து விழுங்கால் அடிப்புறத்துத் தோல் நெடுந்தூரம் உரிந்து போவதைக் கமக்காரர் யாவரும் அறிவர். வெட்டு முடியும் இடத்தில் மரநார்களைத் தாங்குவதற்கு ஒன்றும் இல்லாமையே அதற்குக் காரணம். அதனைத் தவிர்க்கவே அனுபவமுள்ளவர்கள் முதலில் அடிப்புறத்தில் ஒரு வெட்டு இட்டுக் கொள்கின்றனர்.

வட்டவாளிலும் நிகழ்வது இதுவே. வாளின் முன்புறத்துப் பற்கள் மேலிருந்து கீழ்நோக்கிப் பலகையை ஊடுருவிச் செல்கின்றன. பலகையின் அடிமுகத்தை அவை விட்டு வெளியேறும் இடத்தில், மேசையின் தாங்கல் இருக்குமாயின் நார் அறுபடும். தாங்கல் இல்லையாயின் நார் அறுபடுமுன் கீழ்நோக்கி வளைந்து பிய்ந்து போகும். மேல்முகம் செம்மையாகவும் அடிமுகம் சிராய் எழுந்தும் காணப்படுவது இதனாலேயாம். நாரோட்டத்துக்குக் குறுக்காக அறுக்கும்போது இக்குறை மிகுதி.

இரண்டாவது தீங்கு இதனினும் கொடியது. அறுந்து விழும் மெல்லிய துண்டு, வாளுக்கும் மேசை விளிம்புக்கும் இடையிலுள்ள பிளவில் இறங்கிச் சிக்கிக் கொள்ளும். 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள வாள் நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும்போது, அதன் பற்கள் விநாடிக்கு 60 மீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகின்றன. வாளின் மேற்பகுதி வேலை செய்பவரை நோக்கியே சுழல்வதால், சிக்கிய துண்டு அவர் மீதே எறியப்படலாம். அதனிலும் பெரிய ஆபத்து, அத்துண்டை எடுத்துவிட எண்ணிக் கை தானாகவே வாளருகே செல்வதுதான். நாற்று நடவும், களை பிடுங்கவும், கொடி கட்டவும் வேண்டிய கை அது. ஒரு சிறு துண்டுக்காக அதனை இழத்தல் ஆகாது.

ஓடும் மேசையுள்ள வட்டவாளின் அமைப்பு

தளபாட வேலைத்தலங்கள் பலவற்றில் ஓடும் மேசையுள்ள வட்டவாள் பயன்படுகின்றது. ஜேர்மனியில் வில்ஹெல்ம் அல்ற்றென்டோர்ப் என்பார் 1906ஆம் ஆண்டளவில் இத்தகைய இயந்திரத்தை உருவாக்கினார். இதில் வாளுக்கு வலப்பக்கத்து மேசை நிலையானது. இடப்பக்கத்து மேசை, பலகையைச் சுமந்துகொண்டு வாளுக்கு இணையாக முன்னும் பின்னும் ஓடுவது. பலகையைக் கையால் தள்ளாது மேசையோடு சேர்த்துச் செலுத்துவதால், வெட்டு நேராகவும் மூலைமட்டமாகவும் அமைகின்றது.

வாளின் வலப்பக்கத்தில், நிலைமேசையில் வெட்டப்பட்ட ஒடுங்கிய படியில், ஓர் உலோகத் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். இதுவே வாய்த்தகடு எனப்படும். வாளைச் சாய்த்தும் அறுக்க வேண்டியிருப்பதால், இத்தகட்டுக்கும் வாளுக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடம் விடப்படுகின்றது. அந்த உலோகத் தகட்டை நீக்கி, வாளைத் தொடுமளவுக்கு நெருங்கி நிற்கும் ஒரு மரத்துண்டை அதனிடத்தில் வைப்பதே இடைவெளியில்லா வாய்ப்பலகையாகும். வரம்பிலுள்ள நண்டுவளையை அடைப்பது போன்ற எளிய வேலை இது.

சில இயந்திரங்களில் பெரிய வாளுக்கு முன்னே ஒரு சிறு கீறுவாளும் உண்டு. அது எதிர்த்திசையிற் சுழன்று, பலகையின் அடிமுகத்தை 1 அல்லது 2 மில்லிமீற்றர் ஆழத்துக்கு முன்னரே கீறிவிடுகின்றது. கொப்பு அரியுமுன் அடியில் இடும் வெட்டுப் போன்றது இது. கீறுவாள் அடிமுகத்தைக் காக்கும். ஆயின் மெல்லிய துண்டு பிளவில் விழுவதை அது தடுக்க மாட்டாது.

வாய்ப்பலகை செய்யும் முறை

1. முதலில் மின்செருகியைக் கழற்றிவிடுதல் வேண்டும். வாளை முற்றாக இறக்கி, பழைய தகட்டைத் திருகாணி நீக்கி எடுத்தல் வேண்டும்.

2. பழைய தகட்டை அச்சாக வைத்து, அதே நீளமுள்ளதும், வாள்ப்பக்கமாக 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் வாளின் பாதையினுள் நீள்வதுமான துண்டை அறுத்துக் கொள்ளல் வேண்டும். நல்ல ஒட்டுப்பலகை இதற்கு ஏற்றது. தனிமரமாயின் நன்கு காய்ந்த வைரமுள்ள மரம் வேண்டும். மழைக் காலத்தில் தனிமரம் ஈரத்தை உறிஞ்சி ஊதி, படியில் இறுகிக் கொள்ளும். ஆதலின் எப்பக்கமும் மெழுகோ வார்னிஷோ பூசுதல் நன்று.

3. துண்டின் மேல்முகம் நிலைமேசையோடு ஒரே மட்டமாக இருத்தல் வேண்டும். ஒரு நேரான சட்டத்தை மேலே வைத்து இதனைச் சோதிக்கலாம். தடிப்பு மிகுந்தால் சீவுளியாற் சீவியும், குறைந்தால் அடியில் கடதாசித் துண்டுகளை வைத்தும் சரிப்படுத்தலாம். மேசையினும் உயர்ந்து நிற்குமாயின், அறுக்கும் பலகை அதில் முட்டி நிற்கும், அது ஆபத்தானது.

4. வாளின் பின்னே நிற்கும் பிரிதகட்டுக்கும், முன்னே கீறுவாள் இருப்பின் அதற்கும், துண்டின் விளிம்பை உளியாற் செதுக்கி இடம் விடுதல் வேண்டும். பெரிய வாள் எழும் இடத்தில் மட்டும் விளிம்பு முழுமையாக இருக்கட்டும். இறக்கிய வாளின் பற்கள் துண்டின் அடியைத் தொடுமாயின் அவ்விடத்தையும் அடிப்புறமாகக் குடைந்து கொள்ளல் வேண்டும்.

5. துண்டைப் பழைய துளைகளிலேயே திருகாணியால் இறுக்குதல் வேண்டும். திருகாணியின் தலை மரத்துள் அமிழ்ந்திருத்தல் அவசியம். பின்னர் வாளின் பாதைக்கு அப்பால் ஒரு கனத்த சட்டத்தை அதன்மேற் குறுக்காக வைத்து, மேசையோடு பிடிகருவிகளால் பிணைத்தல் வேண்டும். எக்காரணங்கொண்டும் துண்டைக் கையால் அழுத்திப் பிடித்தல் கூடாது.

6. மின்செருகியை இட்டு, வாளைச் சுழலவிட்டு, உயர்த்தும் சக்கரத்தை மெதுவாகத் திருப்பி வாளை எழச்செய்தல் வேண்டும். வாள் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே அறுத்துக் கொள்ளும். வழக்கமாக அறுக்கும் உயரத்துக்குச் சற்று மேலாக எழுந்தபின் இயந்திரத்தை நிறுத்தி, வாள் முற்றாக ஓய்ந்தபின் சட்டத்தை நீக்கலாம்.

இவ்வாறு செய்யப்பட்ட பலகைக்கும் வாளின் பல்லுக்கும் இடையே மயிரிழையளவு இடமே எஞ்சும். அறுபடும் நார் கடைசிவரை தாங்கப்படும். துண்டு கீழிறங்க வழியிராது.

இடப்பக்கத்துக்குரிய துணைப்பலகை

வாய்ப்பலகை வலப்பக்கத்தை மட்டுமே அடைக்கின்றது. ஓடும் மேசைக்கும் வாளுக்கும் இடையே இடப்பக்கத்திலும் ஓர் இடைவெளி உண்டு. வேண்டிய சட்டம் பெரும்பாலும் அப்பக்கத்திலேயே கிடப்பதால், அதன் அடிவிளிம்பைக் காப்பதும் அவசியம். இதற்காக 6 மில்லிமீற்றர் அளவான ஒட்டுப்பலகை ஒன்றை ஓடும் மேசையின்மேற் பரப்பி, மேசை விளிம்புக்குச் சற்று வெளியே நீளும்படி உறுதியாகப் பிணைத்தல் வேண்டும். பின்னர் மேசையை ஒருமுறை முழுதாக ஓட்டினால், மிகையான பகுதி அறுந்து, துணைப்பலகையின் விளிம்பு வாளின் கோட்டோடு ஒன்றிவிடும். வாள் எவ்விடத்தில் வெட்டும் என்பதையும் அவ்விளிம்பு காட்டுவதால், அளவுக் கோட்டை அதன்மேல் வைத்தே அறுக்கலாம். வலப்பக்கம் தாழ்ந்து நில்லாதவாறு நிலைமேசையின் மேலும் அதே தடிப்புள்ள பலகை ஒன்றைப் பிணைத்துக் கொள்ளல் நன்று.

கவனிக்க வேண்டியவை

ஒரு வாய்ப்பலகை ஒரு வாளுக்கும் ஒரு சாய்வுக்கும் மட்டுமே உரியது. தடிப்பு வேறான வாளை இட்டாலோ, வாளைச் சாய்த்து அறுத்தாலோ வேறு பலகை வேண்டும். நேராக அறுக்கச் செய்த பலகை இருக்கும்போது வாளைச் சாய்த்தல் ஒருபோதும் கூடாது. பலநாட் பாவிப்பினால் பிளவு அகன்றுவிட்ட பலகையை நீக்கிப் புதியது இடுதல் வேண்டும். ஒரே வேளையில் மூன்று நான்கு துண்டுகளை அறுத்து வைத்துக் கொள்ளலாம்.

இடைவெளி அடைபட்டமையால் வேறு காப்புகள் தேவையில்லை என எண்ணுதல் தவறு. பிரிதகடும் வாளின் மேல்மூடியும் தத்தம் இடத்தில் இருத்தல் வேண்டும். ஒடுங்கிய சட்டத்தைத் தள்ளுவதற்குத் தள்ளுகோலையே பயன்படுத்தல் வேண்டும். அறுந்த துண்டுகளை, வாள் முற்றாக ஓய்ந்தபின்னரே எடுத்தல் வேண்டும். தொங்கும் உடை, கையுறை, வளையல் ஆகியன வாளருகே ஆகா. ஈரமான பலகை அறுக்கும்போது வாளை இறுகப் பற்றும். ஆதலின் பலகையைக் காயவைத்தபின்னரே மெல்லிய சட்டங்களாக அறுத்தல் நன்று.

பலா மரத்தை வெட்டக் கருதுவோர், 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் முன்னரே அனுமதி பெறுதல் அவசியம் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பலகை அறுப்பிப்போர் கேட்க வேண்டியது

கமக்காரருட் பெரும்பாலோர் இவ்வியந்திரத்தைத் தாமே இயக்குவதில்லை. பலகையை வேலைத்தலத்துக்குக் கொண்டுசென்று அறுப்பிக்கின்றனர். அவர்களுக்கும் இச்செய்தி பயன்படும். பலகையைக் கொடுக்குமுன், வாள் எழும் இடத்தை ஒருமுறை பார்த்தல் வேண்டும். விரல் நுனி நுழையுமளவுக்குப் பிளவு தென்படுமாயின், வாய்ப்பலகை இடும்படி கேட்கலாம். அதற்கு வேண்டியது கழித்த ஒட்டுப்பலகைத் துண்டும் சிறிது நேரமுமே. சிராய் எழுந்த விளிம்பைச் சீவிச் சரிப்படுத்தும் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் அளவு குறைகின்றது. அளவு குறைந்த சட்டம் தேனீப்பெட்டிக்கு உதவாது. பல ஆண்டுகள் வளர்ந்த மரம் அவ்வாறு விறகாகப் போதல் பெருநட்டமாகும்.

கண்டியை அடுத்த உடுநுவரையிலுள்ள எம்பெக்க தேவாலயத்தைக் கண்டோர், அதன் மண்டபக் கூரையில் 26 கைமரங்கள் ஒரே மர ஆப்பினால் ஒன்றுசேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். கம்பளை அரசர் காலமாகிய 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது அத்தேவாலயம். மூட்டில் இடைவெளி விடாமை மரவேலையின் ஒரு நெறி. கருவிகள் மாறினும் அந்நெறி மாறவில்லை. இடைவெளியை முதலில் அடைத்துப் பின்னர் வாளை ஓட்டுபவருக்குப் பலகையும் மிஞ்சும்; பத்து விரல்களும் மிஞ்சும்.

தேனீப்பெட்டியின் அளவுகள் பற்றிய விபரங்களை அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து கொள்ளலாம்.