பீவர்ட்டனும் சுற்றுப்புறமும்: நிலம், மக்கள், நீர்

புரொக் நகரசபைப் பகுதி, ஒன்ராறியோவின் டுர்ஹாம் பிராந்தியத்தினுடைய வடக்கு எல்லையில் அமைந்துள்ளது. இதன் மூன்று ஊர்களுள் பீவர்ட்டன், சிம்கோ ஏரியின் கிழக்குக் கரையில் பீவர் ஆறு கலக்குமிடத்தில் உள்ளது. கனிங்டன், சண்டர்லாண்ட் ஆகியவை உள்நாட்டில் உள்ளன. எஞ்சிய நிலத்தின் பெரும்பகுதி வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் ஆகும்.

2016 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் 11,642 ஆக இருந்த மக்கள்தொகை, 2021 இல் 12,567 ஆக உயர்ந்தது. எனினும், ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 30 பேரே வாழ்கின்றனர். ரொறொன்ரோவில் அவ்வெண்ணிக்கை 4,400 இற்கும் அதிகம். கோடைகால இல்லங்களுக்கு வருவோர், தமது நிரந்தர முகவரியிலேயே கணக்கெடுக்கப்படுவதால் இத்தொகையில் அடங்கார்.

மக்கள் இவ்வாறு பரந்து வாழ்வதால், குழாய்நீர் ஊர்களுக்குள் மட்டுமே கிடைக்கிறது. பீவர்ட்டனுக்கான குடிநீர் ஏரியிலிருந்தும், ஏனைய இரு ஊர்களுக்கானது நிலத்தடியிலிருந்தும் பெறப்படுகிறது. ஊருக்கு வெளியே உள்ள வீடுகள் பெரும்பாலும் சொந்தக் கிணற்றையும் மலக்கழிவுத் தொட்டியையும் நம்பியுள்ளன. நகரத்திலிருந்து இங்கு குடிபெயர்வோர் இவ்வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம்: தனியார் கிணற்றின் நீரை அரசு தானாகப் பரிசோதிப்பதில்லை. அது வீட்டு உரிமையாளரின் பொறுப்பாகும்.

கிருமி கலந்த நீர் நிறத்தாலோ மணத்தாலோ வேறுபட்டுத் தோன்றாது. எனவே, ஆண்டுக்கு மூன்று முறையேனும், குறிப்பாகப் பனி உருகும் இளவேனிலிலும் பெருமழைக்குப் பின்னரும், நீரைப் பரிசோதித்தல் நன்று. மாதிரிக் குப்பிகளைப் பொதுச் சுகாதாரப் பிரிவில் பெறலாம். கிருமிப் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. கைக்குழந்தைகளும் முதியோரும் உள்ள இல்லங்கள் இதனைத் தவறவிடலாகாது.

கழிவுத் தொட்டியை 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெறுமையாக்குதல் வேண்டும். சமையல் எண்ணெயையும் ஈரத்துடைப்பான்களையும் அதனுள் இடுதல் கூடாது. ஏரிக்கரையிலிருந்து 100 மீற்றருக்குள் உள்ள தொட்டிகளை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதனைக்கு உட்படுத்த மாகாண விதிகள் வேண்டுகின்றன. பழுதுற்ற தொட்டியிலிருந்தும் உரமிட்ட வயலிலிருந்தும் வெளியேறும் பொசுபரசு ஏரியைச் சேர்ந்தால், பாசி பெருகும். அது அழுகும்போது ஆழ்நீரின் ஒட்சிசன் குறைந்து, குளிர்நீர் மீன்கள் வாழ இயலாது போகும். இதனாலேயே சிம்கோ ஏரியைப் பாதுகாக்க 2008 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

ஒரு வீட்டின் கழிவுநீர் செல்லும் நிலத்தின் கீழேயே அயலவரின் கிணற்றுநீரும் உள்ளது. பீவர்ட்டன் மக்கள் அருந்துவதோ ஏரிநீர். ஆதலால், ஒவ்வோர் இல்லத்தின் பராமரிப்பும் அனைவரின் நலனையும் காக்கும்.