பழைய காரில் பெட்ரோல் வாசனை வருதா? செலவு செய்யும் முன் கசியும் இடத்தைக் கண்டுபிடிங்க!



நம்மில் பலருக்கு முதல் கார் என்பது அப்பா ஓட்டிய ஆல்டோவாகவோ, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சான்ட்ரோவாகவோதான் இருக்கும். அந்தக் காரில் ஒருநாள் பெட்ரோல் வாசனை அடித்தால் பொதுவாக இரண்டு யோசனை வரும். "பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும், பார்த்துக்கலாம்" என்பது ஒன்று. "டேங்க் போச்சு, வித்துட்டு லோன்ல புதுசு எடுத்துடலாம்" என்பது இன்னொன்று. முதலாவதில் உயிருக்கு ஆபத்து. இரண்டாவதில் தேவையில்லாமல் ஒரு இ.எம்.ஐ. தலையில் ஏறும்.

சொட்டுக்கு ஒரு கணக்கு

5 விநாடிக்கு ஒரு சொட்டு விழுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 17,280 சொட்டு. 50 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. என்று எடுத்தால்கூட தினமும் சுமார் 345 மி.லி. மாதத்துக்கு 10 லிட்டருக்கு மேல். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆயிரம் ரூபாய் தரையில் போகிறது.

பணத்தைவிடப் பெரிய விஷயம் ஆவி. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு தங்கும். பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஒரு சுவிட்ச் பொறி போதும். அதனால் வாசனை வந்தால் முதல் வேலை, காரைத் திறந்த வெளியில் நிறுத்துவதுதான். சொட்டுவது கண்ணுக்கே தெரிந்தால் ஸ்டார்ட் பண்ணாதீங்க, தள்ளி நிறுத்துங்க. பக்கத்தில் சிகரெட், குண்டு பல்பு எதுவும் வேண்டாம். ஜாக்கி மட்டும் போட்டு அடியில் படுத்துப் பார்க்கவும் கூடாது.

எங்கே கசிகிறது?

மெக்கானிக்கிடம் போகும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வைத்திருங்க: வாசனை எப்போ வருது?

• ஃபுல் டேங்க் போட்டதும் வந்து, பாதி டேங்க் ஆனதும் நின்றுவிட்டால், கசிவு மேல்பக்கம். பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர் ஹோஸ், காற்று போகும் சின்ன டியூப், டேங்க் மேலே இருக்கும் பம்ப்பின் ரப்பர் வளையம் இவற்றைப் பார்க்க வேண்டும். பல கார்களில் அந்த பம்ப் மூடி பின் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும்.

• இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தால், பம்ப்பின் அழுத்தம் போகும் பெட்ரோல் லைன், ஃபில்டர், அதன் இணைப்புகள் மேல் சந்தேகம்.

• பெட்ரோல் குறைவாக இருந்து, வண்டி சும்மா நின்றாலும் வந்தால், டேங்க்கின் அடிப்பாகம். துரு, இரண்டு தகடு சேரும் ஓரம், அல்லது கல் அடித்த இடம்.

• வாசனை பானெட் பக்கம் மட்டும் என்றால் பிரச்சினை டேங்க்கே இல்லாமல் இருக்கலாம்.

இரவு நிறுத்தும்போது அடியில் பெரிய அட்டை ஒன்றைப் போட்டு வைத்தால் எந்தப் பக்கம் சொட்டுகிறது என்று காலையில் தெரியும். முன்பக்கம் வாசனை இல்லாத தண்ணீர் என்றால் அது ஏ.சி. தண்ணீர், பயம் வேண்டாம். இன்னொரு விஷயம், சொட்டு விழும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேலே கசிந்த பெட்ரோல் டேங்க் ஓரமாக ஓடி வந்து கீழே சொட்டும். துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, எது முதலில் ஈரமாகிறது என்று பார்க்கச் சொல்லுங்க. இதைப் பார்க்காமலேயே "டேங்க்கை மாத்தணும் சார்" என்றால், இன்னொரு இடத்தில் காட்டுவது நல்லது.

எதற்கு எந்த ரிப்பேர்?

ஹோஸ், ரப்பர் வளையம் என்றால் சின்னச் செலவுதான். ஆனால் பெட்ரோலுக்கான ஹோஸ்தான் போட வேண்டும், தண்ணீர் டியூப் போட்டால் சீக்கிரம் உப்பிப் போய்விடும். எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோலால் பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்கள், கேஸ்கட்கள் மாற்ற வேண்டிவரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025இல் சொன்னது. ஒரு ஹோஸ் வெடித்திருந்தால் மற்றதையும் பார்த்துவிடுங்க.

இரும்பு டேங்க்கில் ஊசித்துளை என்றால் சோப்பு தேய்ப்பது, எம்-சீல் வைப்பது எல்லாம் ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும் வரைதான். நிரந்தரத் தீர்வு, டேங்க்கைக் கழற்றி, காலி செய்து, உள்ளே ஆவி இல்லாமல் கழுவி, பிறகு பற்றவைப்பது. காரில் இருக்கும்போதே வெல்டிங் வைக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீங்க. காலி டேங்க்தானே என்றும் நினைக்காதீங்க. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

அடிப்பாகம் முழுக்கத் துரு என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக் டேங்க் விரிந்திருந்தாலும் மாற்றுவதே பாதுகாப்பு. சென்னையில் புதுப்பேட்டை போன்ற இடத்தில் பழைய டேங்க் வாங்கினால், உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.

வேலை முடிந்ததும் பாதி டேங்க்கில் ஒருமுறை, ஃபுல் டேங்க்கில் ஒருமுறை பாருங்க. கழற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்க.

இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

துருவும் தேய்மானமும் எந்த கார் பாலிசியிலும் பொதுவாகக் கிடையாது. தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்து, கல் அடித்தோ விபத்திலோ உடைந்திருந்தால் க்ளெய்ம் உண்டு. ஆனால் கணக்குப் போடுங்க.

10 வருடம் தாண்டிய காரின் இரும்புப் பாகத்துக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக்குக்கு எந்த வயதிலும் 50 சதவீதம். டேங்க் 8,000 ரூபாய் என்றால் 4,000. அதில் 1500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 போக, கையில் 3,000. இந்த க்ளெய்மால் நோ க்ளெய்ம் போனஸ் போகும். சொந்த சேத பிரீமியம் 4,000, போனஸ் 50 சதவீதம் என்றால் அடுத்த ரினியூவலிலேயே 2,000 கூடும். போனஸ் திரும்ப 50 சதவீதத்துக்கு வர வருடங்கள் ஆகும். இப்படிப்பட்ட க்ளெய்மில் லாபம் இல்லை.

ரிப்பேரா, புது காரா?

"காரே 60,000தான் போகும், அதுக்கு 9,000 செலவா?" என்று பலர் கேட்கிறார்கள். ஒப்பிட வேண்டியது காரின் விலையோடு அல்ல, அதற்குப் பதிலாக வரப்போகும் செலவோடு. 5 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 10,380 ரூபாய். உங்க 9,000 ரிப்பேர் ஒரு மாத இ.எம்.ஐ.யைவிடக் குறைவு.

அதே சமயம் டேங்க்கைக் கழற்றும்போது பிரேக் லைன், தரைத் தகடு, சஸ்பென்ஷன் மாட்டும் இடம் எல்லாம் துரு என்று தெரிந்தால் கதை வேறு. அடுத்த 12 மாதச் செலவை ஒரே தாளில் எழுதுங்க. 15 வருடம் முடியப்போகும் காராக இருந்தால் ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 5,000 ரூபாயையும் சேருங்க. மொத்தம் 12 இ.எம்.ஐ.யில் பாதியைத் தாண்டினால் விற்பதை யோசிக்கலாம். இது சட்டம் இல்லை, நான் கிளையன்ட்களுக்குச் சொல்லும் அளவுகோல். தகடு பாதுகாப்பாக இல்லை என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் இந்தக் கணக்கே வேண்டாம், அந்தக் காரை ஓட்டாதீங்க.

உங்க காரில் எது கசிந்தது, எவ்வளவு செலவாச்சு என்று கமென்ட்டில் எழுதுங்க. இன்ஷூரன்ஸ் கழிவுக் கணக்கை அடுத்த வீடியோவில் ஒரு பில் வைத்துப் போட்டுக் காட்டுறேன்.