பல் மருத்துவரின் மனநலம்

‘பல் போனால் சொல் போச்சு’ என்பது பழமொழி. நம் பல்லையும் சொல்லையும் காத்துத் தருபவர் பல் மருத்துவர். அவருடைய கல்வியையும் கைத்திறனையும் நாம் மெச்சுகிறோம்; அத்தொழிலில் அவர் உள்ளம் படும் பாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. அதனைச் சிறிது ஆராய்வோம்.

இப்பொருளைப் பேசுதற்கு மைசூரு மிகவும் ஏற்ற நகரம். அங்குள்ள மகாராஜா கல்லூரியில் 1924-ஆம் ஆண்டில் மனோதத்துவத் துறை தொடங்கப் பெற்றது. அதனைத் தோற்றுவித்த பேராசிரியர் எம். வி. கோபாலசாமியே 1935-இல் தம் இல்லத்தில் சிறியதொரு வானொலி நிலையத்தையும் நிறுவினார். அந்நிலையத்தின் ‘ஆகாசவாணி’ என்னும் பெயர் பிற்காலத்தில் நாட்டின் வானொலிக்கே உரியதாயிற்று. அதே நகரில் 1986 முதல் ஜே.எஸ்.எஸ். பல் மருத்துவக் கல்லூரி நடந்து வருகிறது. சத்தியமங்கல மலைவழியைக் கடந்து மைசூரு சென்று பயில்வோரும், அங்கேயே தொழில் புரிவோரும் நம்மவருள் உண்டு.

பல் மருத்துவர் வேலை செய்யும் இடம் ஒருவருடைய வாய்; மிகக் குறுகியது, இருண்டது, உமிழ்நீரால் நனைந்தது. அதனுள் பார்க்கும்பொருட்டு அவர் கழுத்தை வளைத்து, தோளை உயர்த்தி, மணிக்கணக்காக ஒரே நிலையில் இருக்கிறார். வேர்ச்சிகிச்சையில் அவர் துப்புரவு செய்யும் குழாய் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறுகியது. அதனுள் மெல்லிய அரம் முறிந்துவிட்டால், அன்று மாலை வீடு திரும்பிய பின்னும் அந்நினைவு அவரை விட்டு அகலாது. உடல் வலி உறக்கத்தைக் கெடுக்கும். உறக்கக் கேடு உள்ளத்தைத் தளர்த்தும்.

இதனோடு நோயாளியின் அச்சமும் சேர்கிறது. நாற்காலியில் அமர்பவர் பலர் நடுங்கியவாறே அமர்கின்றனர். அவருக்குத் தைரியம் சொல்லி, வலியைத் தணித்து, தம் பதற்றத்தை முகத்தில் காட்டாமல் வேலையை முடிக்க வேண்டும். அடுத்தவர் வெளியே காத்திருக்கிறார். தனியாக மருத்துவக் கூடம் நடத்துபவருக்கோ கலந்து பேச உடன் ஒருவரும் இல்லை. நாற்காலி, எக்ஸ்ரே கருவி, வாடகை, கடன் தவணை ஆகிய கவலைகளும் அவர் தலைமேல்தான். அயல் மாநிலத்தில் தொழில் புரியும் தமிழருக்கு மற்றொரு சுமையும் உண்டு: நோயாளிக்கு ஆறுதல் சொல்வது கன்னடத்தில், தம் துயரை எண்ணுவது தமிழில். அதனைக் கேட்கவல்ல உறவினரோ தொலைவில் இருக்கின்றனர்.

இத்தகைய சுமை ஆற்றப்படாமல் நீடிக்கும்போது உண்டாகும் நிலையைத் தொழிற்சோர்வு என்கிறோம். அதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு: ஆற்றல் வற்றிப்போதல், வேலையின்மீது பற்றற்று வெறுப்புக் கொள்ளுதல், தம் திறமையில் நம்பிக்கை குறைதல். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் இதனைத் தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே வகுத்தது. நோய் என்று வகுக்கவில்லை. ஆகவே, பரிகாரமும் அவர் மனத்தில் மட்டுமன்றி வேலை அமைப்பிலும் தேடப்பட வேண்டும். ஆனால் துயரம் வாரக்கணக்கில் நீங்காதிருத்தல், பசியும் உறக்கமும் கெடுதல், வாழ்வே வேண்டா என்னும் எண்ணம் தோன்றுதல் ஆகியவை வெறும் சோர்வு அல்ல; சிகிச்சை தேவை என்பதற்கான அறிகுறிகள் அவை.

பல் மருத்துவர்களிடையே தற்கொலை மிகுதி என்றொரு பேச்சு நெடுங்காலமாக உலவுகிறது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் 2001-இல் வெளிவந்த ஆய்வுரை, அதற்கு உறுதியான சான்று இல்லை என்று காட்டிற்று. எனவே அப்பேச்சைப் பரப்புதல் தகாது. அதற்காக, துன்புறும் ஒருவரைக் கவனியாது விடுதலும் தகாது.

வேலை அமைப்பில் செய்யத்தக்கவை எளியவை. நோயாளிகளுக்கு இடையே சிறிது இடைவெளி விடுதல், முதுகு நிமிர்ந்திருக்குமாறு இருக்கையை அமைத்தல், உதவியாளரோடு சேர்ந்து பணிபுரிதல், கடினமான நிகழ்ச்சிகளைச் சக மருத்துவரோடு கலந்து பேசுதல், வாரத்தில் ஒரு நாளேனும் முழு ஓய்வு கொள்ளுதல் ஆகியவை உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே காக்கும்.

இவற்றுக்கும் மேலானது, உதவி நாடும் துணிவு. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனநோய் உற்றவர்களுள் 70 முதல் 92 விழுக்காட்டினர், நோயின் வகைக்கேற்ப, சிகிச்சை பெறாதிருந்தனர். மருத்துவரோ இன்னும் அதிகமாகத் தயங்குகிறார். ‘வெளியே தெரிந்தால் நோயாளிகள் வருவார்களா?’ என்று அஞ்சுகிறார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவருடைய செய்திகளை இரகசியமாகக் காக்கும் உரிமையை அவருக்கு அளித்துள்ளது. மைசூருக்கு அணித்தான பெங்களூருவில், மைசூர் அரசின் பழைய மனநோய் மருத்துவமனையும் 1954-இல் உண்டான அகில இந்திய மனநல நிறுவனமும் 1974-இல் இணைந்து உருவான ‘நிம்ஹான்ஸ்’ உள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய ‘டெலி-மானஸ்’ தொலைபேசி உதவிக்கு, நாட்டின் எம்மூலையிலிருந்தும் 14416 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். தாய்மொழியில் ஒருவர் கேட்கிறார் என்பதே பாதிச் சுமையை இறக்கும்.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. குறித்த நேரத்துக்குச் செல்லுதல், இயலாதெனில் முன்கூட்டியே அறிவித்தல், வலி தீர்ந்தபின் நன்றி கூறுதல் ஆகியவை நாம் எளிதில் செய்யக்கூடியவை. தொலைவில் தொழில் புரியும் மகனிடமோ மகளிடமோ பேசும்போது, ‘இன்று எத்தனை பேர் வந்தார்கள்?’ என்று வினவுகிறோம். அதற்கு முன்னதாக, ‘நன்றாகத் தூங்கினாயா? மனம் எப்படி இருக்கிறது?’ என்று கேட்போமாக. கேட்டபின், விடை வரும்வரை பொறுத்திருப்போமாக.