வலிப்பு தொடங்கும் இடத்திலேயே மருந்து: உயிர்மின்னணு மருத்துவ ஆய்வு பற்றி அறிந்துகொள்ளுங்கள்

கால்-கை வலிப்பு நோய்க்கு மாத்திரை உட்கொள்பவர்களுள் பலருக்கு வலிப்பு கட்டுக்குள் வந்துவிடுகிறது. எனினும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மருந்துகளால் மட்டும் வலிப்பு முழுமையாக நிற்பதில்லை. உங்கள் இல்லத்தில் அத்தகைய ஒருவர் இருந்தால், 'மூளையில் பொருத்தும் கருவி வலிப்பை நிறுத்தியது' என்னும் செய்தி உங்களுக்குப் பெரும் நம்பிக்கையை அளித்திருக்கலாம். அந்த ஆய்வு எத்தகையது, இன்று நீங்கள் செய்யக்கூடியது என்ன என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

மாத்திரையின் வரம்புகள் யாவை?

மூளையின் நரம்பணுக்கள் நுண்ணிய மின்சைகைகள் வாயிலாகச் செயல்படுகின்றன. ஒரு பகுதியிலுள்ள அணுக்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் மின்சைகைகளை வெளியிடும்போது வலிப்பு உண்டாகிறது. பலருக்கு இது மூளையின் ஒரு குறிப்பிட்ட சிறு பகுதியில் தொடங்குகிறது.

நீங்கள் விழுங்கும் மாத்திரையோ இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் செல்கிறது. சிறு பகுதிக்குத் தேவையான மருந்து, தேவையற்ற இடங்களையும் சென்றடைவதால் தூக்கக் கலக்கம், தலைச்சுற்றல், கவனக்குறைவு போன்ற பக்கவிளைவுகள் ஏற்படலாம். மேலும், இரத்தத்திலிருந்து மூளைக்குள் எல்லாப் பொருள்களும் நுழைந்துவிடாதவாறு இரத்தநாளச் சுவர்கள் ஓர் அரணாக அமைந்துள்ளன. இதனால் பயன்தரக்கூடிய சில மருந்துகள் மூளையைப் போதிய அளவில் சென்றடைவதில்லை.

உயிர்மின்னணு மருத்துவம் என்றால் என்ன?

உடலின் மின்சைகைகளை அறிந்து, அவற்றை மின்னணுக் கருவிகளால் சீர்செய்யும் மருத்துவ முறையே உயிர்மின்னணு மருத்துவம் ஆகும். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் இதற்கு நன்கு அறிமுகமான எடுத்துக்காட்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜார்ஜ் மல்லியாராஸ் தலைமையிலான குழு இத்துறையில் ஆய்வு செய்து வருகிறது. மின்சைகையைப் பதிவு செய்வதையும் மருந்து செலுத்துவதையும் ஒரே மெல்லிய கருவியில் இணைப்பது இக்குழுவின் முயற்சிகளுள் ஒன்று.

கருவி எவ்வாறு செயல்படுகிறது?

இதன் அடிப்படை 'அயனி விசைக்குழாய்' என்னும் அமைப்பாகும். சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய அமைப்பை 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

மின்னேற்றம் பெற்ற மருந்து மூலக்கூறுகள் கருவிக்குள் நிரப்பப்படுகின்றன. சிறிய மின்னழுத்தம் கொடுக்கும்போது அவை ஒரு சவ்வைக் கடந்து வெளியேறுகின்றன. மின்னழுத்தத்தை நிறுத்தினால் மருந்து வெளியேறுவதும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஊசியால் மருந்து செலுத்தும்போது அத்துடன் நீர்மமும் உட்சென்று அவ்விடத்தில் அழுத்தத்தை உண்டாக்கும். இம்முறையில் நீர்மம் செல்லாமல் மருந்து மட்டும் செல்வதால், மென்மையான மூளைத் திசு அழுத்தத்திற்கு உள்ளாவதில்லை.

ஆய்வில் கண்டறிந்தவை

கிறிஸ்டோபர் ப்ராக்டர், மல்லியாராஸ் ஆகியோரும் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்களும் 2018 ஆம் ஆண்டில் தங்கள் முடிவுகளை வெளியிட்டனர். எலிகளின் மூளையில் மெல்லிய கருவியைப் பொருத்தி, வலிப்பு தூண்டப்பட்டது. கருவியிலிருந்து 'காபா' என்னும் பொருள் வெளியிடப்பட்டது. காபா, நரம்பணுக்களின் மிகைச் செயல்பாட்டைத் தணிப்பதற்காக மூளையே இயல்பாக உருவாக்கும் பொருள்.

• வலிப்பு தொடங்கியதை மின்முனைகள் பதிவு செய்தபின் காபா வெளியிடப்பட்டபோது, வலிப்பு அடங்கியது.
• முன்கூட்டியே வெளியிடப்பட்டபோது, வலிப்பு தோன்றாமல் தடுக்கப்பட்டது.
• கருவியில் நிரப்பிய மருந்தில் 1 சதவீதத்திற்கும் குறைவான அளவே இதற்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே, அடிக்கடி மீள்நிரப்பாமல் நீண்டகாலம் பயன்படுத்த இயலும் என்னும் எதிர்பார்ப்பு உள்ளது.

இக்கருவி இப்போது நோயாளிகளுக்குக் கிடைக்குமா?

கிடைக்காது. மேற்கண்ட முடிவுகள் எலிகளில் பெறப்பட்டவை. எலியின் மூளையோடு ஒப்பிட மனித மூளை மிகப் பெரியது. மேலும், ஆய்வில் வலிப்பு செயற்கையாகத் தூண்டப்பட்டது. மனிதரின் நோயோ ஆண்டுக்கணக்கில் நீடிப்பது. கருவி பல ஆண்டுகள் மூளையில் இருந்தால் திசு எவ்வாறு எதிர்வினை புரியும், மருந்தை எவ்வாறு பாதுகாப்பாக மீள்நிரப்புவது ஆகிய வினாக்களுக்கு விடை காணப்பட வேண்டும். ஆகவே, இதனை எதிர்பார்த்து இப்போதைய சிகிச்சையை ஒத்திவைக்காதீர்கள்.

இன்று உள்ள வழிகள் யாவை?

உரிய முறையில் தேர்ந்தெடுத்த 2 மருந்துகளைச் சரியான அளவில் உட்கொண்டும் வலிப்பு நிற்கவில்லையெனில், அது 'மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு' எனப்படும். அந்நிலையில் நரம்பியல் நிபுணரிடம் முழுமையான மதிப்பீடு செய்துகொள்வது அவசியம். இ.இ.ஜி., எம்.ஆர்.ஐ. முதலிய பரிசோதனைகளால் வலிப்பு தொடங்கும் இடம் அறியப்பட்டால், சிலருக்கு அறுவை சிகிச்சை பயனளிக்கும்.

மின்தூண்டல் கருவிகளும் உள்ளன. கழுத்திலுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டும் கருவிக்கு அமெரிக்காவில் 1997 இல் அனுமதி அளிக்கப்பட்டது. வலிப்பின் அறிகுறியை மூளையிலேயே உணர்ந்து மின்தூண்டல் அளிக்கும் கருவிக்கு 2013 இல் அங்கு அனுமதி கிடைத்தது. இவை மின்சாரத்தால் செயல்படுபவை, மருந்தைச் செலுத்துவதில்லை. பலருக்கு வலிப்பின் எண்ணிக்கையைக் குறைத்தாலும், பெரும்பாலும் மாத்திரையையும் தொடர வேண்டியிருக்கும்.

பராமரிப்பாளர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

• மருத்துவரின் ஆலோசனையின்றி மாத்திரையை நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு ஏற்பட்டு உயிருக்கு ஆபத்து நேரலாம்.
• வலிப்பு வந்த நாள், நேரம், நீடித்த நிமிடங்கள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். இயன்றால் கைப்பேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.
• வலிப்பின்போது நோயாளியின் தலைக்கடியில் மென்மையான துணியை வையுங்கள். துடிப்பு நின்றதும் ஒருபுறமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புப் பொருளைக் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை.
• வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ உடனே அவசர மருத்துவ உதவியை நாடுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைச் சந்திக்கும்போது, "இரண்டு மருந்துகளுக்குப் பின்னும் வலிப்பு வருகிறது, அறுவை சிகிச்சைக்கோ மின்தூண்டல் கருவிக்கோ மதிப்பீடு செய்யலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள். புதிய கருவி வருவதற்குக் காலம் ஆகலாம். இந்த மதிப்பீட்டிற்காக நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.